கோட்டு நட்ட மரங்கள்

மொம்பாசா துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் காவல் காத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் முழங்கால் வலியுமாக லும்பாசி தன் ஊருக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் உருப்படியாகச் செய்த காரியம், ஷின்யாலு சுற்று வட்டாரத்தில் நடந்த காளைச் சண்டைகளில் ஒன்றைக்கூட விடாமல் பார்த்ததுதான். அதனால் புதன்கிழமை மத்தியானம் சோளக் களியை உருட்டிக்கொண்டே அவர் தொண்டையைச் செருமியபோது, இன்னொரு கரண்டி கீரை கேட்கப் போகிறார் என்றுதான் அவர் மனைவி மினாயோ நினைத்தாள்.

"ஒரு காளை பாத்து வச்சிருக்கேன்," என்றார் அவர். "கறுப்பு. கொம்பு ரெண்டும் இப்படி. பேருகூட வச்சாச்சு."

"பேரு வைக்கக் காசு வேணாம். காளைக்கு?"

"வேலியோரம் நிக்குதே நூத்தி நாப்பது மரம்! அதை வித்தா காளையும் வரும், கொட்டகையும் வரும்."

மினாயோவின் கையிலிருந்த அகப்பை பாதி வழியில் நின்றது.

"அது என் மரம்."

"பொம்பளைக்கு ஏது மரம்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் பக்கத்தில் மரம் நடுவதென்பது நிலத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி. நிலம் ஆணுடையது, ஆகவே கையெழுத்தும் அவனுடையது. அவரையும் கீரையும் சர்க்கரைவள்ளியும் பெண்பிள்ளை போடலாம். மரத்தை நட்டால் புருஷன் செத்துப்போவான், வயிறு திறக்காது. அப்படி நடப்பட்ட மரத்தை வெட்டி எரித்து, ஒரு ஆட்டையும் அறுத்துத் தீட்டுக் கழிக்க வேண்டும். இதையெல்லாம் கண்டுபிடித்த ஆண்கள் ரொம்ப அக்கறையோடு சொன்னதால், உண்மையா என்று எந்தப் பெண்ணும் சோதித்துப் பார்க்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு வரை, அதாவது.

அப்போது விறகுக்காக அரை நாள் நடந்து அலுத்துப்போன ஒன்பது பெண்கள் ஓடையோரத்தில் சேர்ந்து நாற்றங்கால் போட்டார்கள். காலிப் பால் பாக்கெட்டுகளில் மண்ணை நிரப்பி, சில்வர் ஓக் விதை போட்டார்கள். பாக்கெட் நிலமல்ல என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. கன்று முழங்கால் உயரம் வந்ததும் நட்டுக்கொடுக்கச் சொல்லி ஆண்களைக் கேட்டார்கள். "நாளைக்கு" என்றார்கள் ஆண்கள். அந்த நாளை மூன்று வாரம் நீண்டது. பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தவள் மினாயோ. புருஷனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நடுவது. மேலேயிருந்து பார்க்கிற முன்னோருக்குக் கோட்டுதானே தெரியும்? உள்ளே இருப்பது யார் என்று இறங்கி வந்தா பார்க்கப் போகிறார்கள்? ஒன்பது பெண்களும் ஒன்பது கோட்டுகளில் இறங்கினார்கள். சந்தையே சிரித்தது, 'கோட்டுக்காரிகள்' என்று பேர் வைத்தது. குலப் பெரியவர் முகோல்வேகூட ஒருமுறை வந்து, மோவாயைத் தடவி யோசித்து, "கோட்டு இருக்கு. தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஈசுகா நாட்டிலேயே தன்னைப்போல மூளைக்காரி கிடையாது என்று மினாயோ ஒரு வருடம் நிமிர்ந்து நடந்தாள்.

அந்த மூளைதான் இப்போது திரும்பி வந்து அவள் கழுத்தில் உட்கார்ந்தது.

"கோட்டு யாருது?" என்றார் லும்பாசி, விரல்களை நக்கிக்கொண்டே. "துறைமுகத்துல எனக்குக் குடுத்தது. பித்தளைப் பொத்தான் வச்சது. லீவுல வந்தப்ப வீட்டுல விட்டுட்டுப் போனது. என் கோட்டு நட்டா நான் நட்ட மாதிரிதான்னு முகோல்வே பெரியவரே சொல்லியிருக்காராமே. வெள்ளிக்கிழமை அவர் வாசல்ல பேசிக்கலாம். சனிக்கிழமை லாரி வருது, தெரியுமில்ல?"

தெரியாமலா? லாரியை வரச் சொன்னதே அவள்தான். ககமேகாவில் பள்ளிக்கூடக் கூரை போடுகிற ஒப்பந்தக்காரர், ஒன்பது பெண்களின் மரங்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தில் அவர்கள் மாவு மில் வாங்குவதாக இருந்தது. தலையில் சோளமூட்டையைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்கி, கண்டவன் மில்லில் வரிசையில் நிற்பது போதும். இனி ஊரே தங்கள் வாசலில் வந்து நிற்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். மெஷின் வைக்க இடம்கூடப் பார்த்தாயிற்று. ஒருத்தியின் மரம் குறைந்தாலும் மில் இல்லை.

சாயங்காலம் நாற்றங்காலில் எல்லாரும் கூடினார்கள்.

"எங்க வீட்டுக்காரரு மத்தியானத்திலேர்ந்து பழைய கோட்டைத் தேடிக்கிட்டிருக்காரு," என்றாள் இமாலி. அவளுக்கு எதற்கும் முதலில் கண்ணீர்தான் வரும். "பதிமூணு வருஷமா தொடாத கோட்டு. எலி தின்னுடுச்சுன்னு சொன்னேன். எலியைக் காட்டுங்கறாரு. உன் ஆளு ஜெயிச்சா ஒம்போது ஆளும் ஜெயிச்ச மாதிரி, மினாயோ அக்கா."

"எட்டு," என்றாள் முஹோஞ்சா. கணவனை இழந்தவள், நாக்கு கூர்மையானவள். "எனக்கு ஆளு கிடையாது. கோட்டு மட்டும் வந்து கேக்கட்டும், பாத்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மினாயோ ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தபடி இருந்தாள். அவள் வயிற்றுக்குள் எட்டு வருடமாக ஒரு உண்மை கிடந்தது. பெற்ற மகள் விஹெண்டாவிடம்கூடச் சொன்னதில்லை.

"அந்தக் கோட்டை நான் கழட்டிட்டேன்டி," என்றாள்.

"எப்போ?"

"முதல் நாளே. பதினாலு கன்னு நட்டேன். கோட்டுக் கையெல்லாம் குழிக்குள்ள தொங்குது, வேர்வை கண்ணுல வழியுது, வேலிக்கு அந்தப் பக்கம் மேஞ்ச மாடு என்னைப் பாத்து மிரண்டு ஓடுது. கழட்டி வேலியில மாட்டிட்டு மிச்சம் நூத்தி இருபத்தாறையும் அப்படியேதான் நட்டேன்."

இமாலி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"வெளிய சொல்லாத," என்றாள் இமாலி. "சொன்னா வெட்டி எரிச்சுடுவாங்க."

"சொல்லலன்னா காளையா மாறிடும்."

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் மினாயோவுக்கு அப்போது புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முகோல்வேயின் வாசலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். காளைச் சண்டை இல்லாத வாரம்; ஊருக்கு வேறு பொழுதும் இல்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த ரேடியோவை மனமில்லாமல் அணைத்தார். லும்பாசி அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான்களுக்கு மெருகு ஏற்றியிருந்தார். வெயில் ஏற ஏற அவர் முகம் களிப்பானைபோல ஆவி விட்டது.

"கேள்வி ஒண்ணுதான்," என்றார் பெரியவர். "மரத்தை நட்டது யாரு?"

"இது," என்று லும்பாசி கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குச் சொந்தக்காரன் நான்."

"மருமகளே, நீ என்ன சொல்றே?"

மினாயோ எழுந்தாள். முந்தின இரவு ஏழெட்டு விதமாகப் பேச்சைத் தயார் செய்திருந்தாள். எழுந்ததும் ஏழெட்டும் ஓடிப்போயின. மிச்சம் இருந்தது உண்மை மட்டும்.

"பதினாலு மரம் கோட்டு நட்டது பெரியவரே. அது அவருக்கே இருக்கட்டும். மிச்சத்தை நான் நட்டேன். கோட்டைக் கழட்டி வச்சுட்டு, பொம்பளையா நின்னு நட்டேன்."

கூட்டத்தில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறின. தீட்டு, தீட்டு என்று யாரோ கத்தினார்கள். பெரியவர் கையை உயர்த்தி, கண்ணைச் சுருக்கி லும்பாசியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"லும்பாசி, கிட்ட வா."

வந்தார்.

"மூச்சு விடு."

விட்டார்.

"மருமகளே, நீ நட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"எட்டு."

"இவன் உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"முழங்கால் வலி. அது நின்னு நின்னு வந்தது."

லும்பாசி வேறொரு கணக்கில் இருந்தார். அவர் முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது. "இரு, இரு," என்றார். "எட்டு வருஷம் முன்னால... அந்த மழைக்காலம்... வாரா வாரம் லெட்டர் போட்டியே! உடம்பு எப்படி இருக்கு, நெஞ்சு வலிக்குதா, தூக்கம் வருதான்னு. துறைமுகத்துல அத்தனை பேருக்கும் படிச்சுக் காட்டினேன். என் பொண்டாட்டி மாதிரி உண்டான்னு. அது இதுக்குத்தானா?"

மினாயோவுக்கு அதுவரை வராத வெட்கம் வந்தது.

"இதுக்குத்தான். பயம். ராத்திரி தூங்கினதில்ல. ஒவ்வொரு கன்னு தளிர் விட்டப்பவும், அங்க உங்களுக்கு என்னவோன்னு லெட்டர் எழுத உக்காந்துடுவேன்."

"அப்ப பாசம் இல்ல."

"செத்துடுவீங்களோன்னு பயந்தேன்னா, சாகக் கூடாதுன்னுதானே பயந்தேன்? அதுக்கு வேற பேரு இருந்தா நீங்களே வச்சுக்குங்க, விஹெண்டா அப்பா. பேரு வைக்கிறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே."

கூட்டம் சிரித்தது. லும்பாசி சிரிக்கவில்லை, ஆனால் மேல் பொத்தான் ஒன்றைக் கழற்றினார்.

"உயிரோட இருக்கிறவனை மட்டும் காட்டினா போதுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "முஹோஞ்சா புருஷன் போய்ச் சேரலையா? அவளும் கோட்டுக்காரிதானே?"

முஹோஞ்சா உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பினாள். "என் ஆளு போனப்ப நான் ஒரு குச்சியைக்கூட நட்டதில்ல. கெஞ்சிக் கேட்டேன், விடமாட்டேன்னுட்டாரு. புதைச்ச பிறகுதான் இவங்களோட சேந்தேன். விட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாரோ என்னமோ."

அந்தக் குரல் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அப்போதுதான் இமாலி எழுந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "நானும் கழட்டிட்டேன் பெரியவரே. எங்க வீட்டுக்காரரு கோட்டுல பேன் இருந்துச்சு." அவள் கணவர் கூட்டத்தின் நடுவில் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவள் எழுந்தாள்: கோட்டு தைத்த இடமெல்லாம் கிழிந்ததாம். அதற்கடுத்தவள் போட்டுப் பார்க்கவே இல்லையாம். தோளில் போட்டுக்கொண்டு போய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்தாளாம். ஒவ்வொருத்தியாக ஒன்பது பேரும் நின்றார்கள். எட்டு வருடமாக ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதே பாவத்தைச் சுமந்திருக்கிறார்கள். தன்னைத் தவிர எல்லாரும் யோக்கியம் என்று தலா எட்டு வருடம் பயந்திருக்கிறார்கள். மினாயோ அந்த வரிசையைப் பார்த்தாள். நாற்றங்காலில் எல்லாரும் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று இப்போது புரிந்தது. சிரிப்பு வந்தது.

பெரியவர் வெகுநேரம் மோவாயைத் தடவினார்.

"எட்டுப் புருஷனுங்க," என்றார் கடைசியில். "எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. எவனும் மெலியக்கூட இல்ல."

"அப்ப தீட்டு? ஆடு?" என்றார் இன்னொருவர், கறி ஆசையில்.

"செத்தவனுக்குத்தான் ஆடு. எவன் செத்தான்? செத்தவன் வந்து கேக்கட்டும், அறுக்கலாம்." பெரியவர் மினாயோவைப் பார்த்தார். "கோட்டு இருக்கு, தப்பில்லன்னு சொன்னவன் நான். நான் கோட்டைப் பாத்தேன், குழியைப் பாக்கல. குழி தோண்டினவளுக்குத்தான் மரம். பதினாலு லும்பாசிக்கு, மிச்சம் உனக்கு. மத்தவங்களுக்கும் இதே பேச்சுதான்." ரேடியோவை முடுக்கினார். விசாரணை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

வீட்டுக்கு நடக்கும்போது லும்பாசி பத்தடி பின்னால் வந்தார். கோட்டு கையில் இருந்தது. பாதி வழியில் கேட்டார்: "அந்த லெட்டரெல்லாம் பெட்டியில வச்சிருக்கேன். தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம். வெச்சிருங்க."

"காளைக்குப் பதினாலு மரம் பத்தாது."

"கொம்புக்கு வரும்."

சனிக்கிழமை விடிந்ததும் லாரி வந்தது. ஒப்பந்தக்காரரோடு கோடரியும் ரம்பமுமாக மூன்று ஆட்கள் இறங்கினார்கள். மற்ற எட்டுப் பெண்களும் வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். அடுத்தது அவர்கள் தோட்டம். மில்லில் முதல் மூட்டையை யார் அரைப்பது என்று அப்போதே தகராறு தொடங்கியிருந்தது.

ஒப்பந்தக்காரர் பழக்க தோஷத்தில் நேராக லும்பாசியிடம் போய், "எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம் ஐயா?" என்று கேட்டார்.

லும்பாசி பித்தளைப் பொத்தான் இல்லாத சட்டையில் இருந்தார். வேலியோர மரங்களை ஒரு முறை பார்த்தார். அப்போது அவர் கண்முன்னே ஒரு கறுப்புக் காளை கொம்பை ஆட்டிவிட்டுப் போனதை மினாயோவால் பார்க்க முடிந்தது.

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார். "அந்தக் கடைசியில கோணலா நிக்குதே பதினாலு, அதுதான் என்னோடது. மத்ததை நட்டது என் பொண்டாட்டி. கோட்டு இல்லாம நட்டா. அதான் நேரா நிக்குது." கடைசி வார்த்தைகளை வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ஒப்பந்தக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மினாயோவிடம் வந்தார். "எங்கேர்ந்தும்மா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்தக் கோழியை அடிப்பது என்றுகூடக் கேட்டதில்லை.

"முதல்ல லாரியை அணைங்க," என்றாள். "புகை அடிக்குது."

அணைத்தார்கள். அவள் வேலியோரமாக நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மரத்திலும் கையை வைத்து, நிமிர்ந்து உச்சியைப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். சிலவற்றை இரண்டு முறை பார்த்தாள். இன்னும் பருக்கட்டும் என்று ஏழெட்டுக்குத் துணி கட்டினாள். கோடரிக்காரர்கள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்கள். லும்பாசி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

வரிசையின் முடிவில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஐந்து ஆண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நின்றாள்.