படத்தை விட்டு நகராத குதிரை

குதிரை ஏலம் நடக்கும் கூடத்தின் தாழ்வாரத்தில் ஓவியக்காரி தன் குதிரைப் படங்களை விற்பனைக்கு மாட்டியிருந்தாள். ஏலம் கேட்க வந்தவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துணைக்கு வந்த அக்கா கூவிக் கூவித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்போது ஏலத்துக்குக் கூட்டிப்போன செம்பழுப்புக் குதிரை ஒன்று, குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரைப் படத்தின் முன்னால் நின்றுவிட்டது. இழுத்தும் தட்டியும் பார்த்தார்கள், அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஏலக்காரர் அங்கேயே வந்து ஏலம் போட்டார்.

குதிரையை எடுத்தவர் சிரித்தார். "அந்தப் படத்தையும் கொடுத்துடுங்கம்மா. அதை விட்டுட்டு இது வராது போல. லாயத்துலயே மாட்டிடறேன்."

"லாயத்துலயா?" அக்காவுக்கு முகம் சுருங்கியது.

"இருக்கட்டும்க்கா. என் படத்தை இவ்வளவு நேரம் நின்னு பார்த்தது இது ஒண்ணுதானே!"

ஓவியக்காரி படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். குதிரை சமர்த்தாகப் பின்னாலேயே வந்தது.