கணக்கு டீச்சரின் ஃபெர்ரிட்டின்

கணக்கு டீச்சரும் டாக்சிக்காரரும் டயாலிசிஸ் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, இருவரும் ஃபெர்ரிட்டினை ஒப்பிட்டுக்கொள்வார்கள். உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் எண் அது.

"ஆயிரத்தைத் தாண்டிட்டேன். நீங்க?"

"நானூறு டீச்சர்."

"சுமார்தான். இரும்பு மாத்திரை போடுங்க. இங்க ஊசியில ஏத்துறது போதாதுன்னு நான் வீட்டுலயும் முழுங்குறேன்."

"அப்புறம் ஏன் டீச்சர், வாசல்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள சுவரைச் சுவரைப் பிடிக்கிறீங்க?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவருடைய வகுப்பு மூன்றாம் மாடியில். படியேற முடியாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து கீழே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை. அதை அன்பாகச் சொன்னதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

'வீட்டுலயும்' என்றது நர்ஸ் காதில் விழுந்துவிட்டது. அருகே வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, கிராம்பு வாசனை?"

"சும்மா வாய்க்கு."

"சும்மாவா? ஆ காட்டுங்க."

கடைவாயில் ஒரு சொத்தைப் பல், ஈறெல்லாம் சீழ். கையில் தடித்த ஊசிகள் இறங்கும்போது கண்ணைக்கூடச் சிமிட்டாத டீச்சருக்குப் பல் டாக்டர் என்றால் மட்டும் குலைநடுக்கம்.

டாக்டர் வந்து அறிக்கையைப் புரட்டினார்.

"இது மார்க் இல்லை டீச்சர். பல்லுல சீழ் இருக்கிறதால உடம்பு இருக்கிற இரும்பையெல்லாம் பூட்டி வெச்சுக்குது, ரத்தம் ஊறக் கொடுக்க மாட்டேங்குது. நீங்க மேல மேல கொட்டுறீங்க. மிஞ்சின இரும்பு சும்மா கிடக்காது, உடம்புல இருக்கிற செல்களையெல்லாம் அரிக்கும். ஆக்சிஜனேற்ற அழுத்தம்னு சொல்லுவோம். டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு ஏற்கெனவே அது அதிகம்."

"அப்ப நான் ஃபெயிலா?"

"பல்லைப் பிடுங்குங்க. பாஸ் போட்டுடலாம்."

பேக்கரி வைத்திருக்கும் கணவர் கடையைப் பாதியில் மூடிவிட்டு, அவரைக் கையோடு இழுத்துப் போனார். பல் போயிற்று. மாத்திரையும் இரும்பு ஊசியும் நின்றன. ரத்தம் ஊறுவதற்காக வழக்கமாகப் போடும் ஊசி மட்டும் தொடர்ந்தது. அடுத்தடுத்த அறிக்கைகளில் ஃபெர்ரிட்டின் சரியச் சரிய, டீச்சருக்கு முதலில் முகம் தொங்கியது.

"ஹீமோகுளோபினைப் பாருங்க டீச்சர், அது ஏறுது," என்றார் டாக்சிக்காரர். "வரும்போது சுவரைத் தொட்டீங்களா இன்னிக்கு?"

தொடவில்லை. அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

பருவத்தின் முதல் நாள், டீச்சர் படியேறினார். பின்னாலேயே கடை முக்காலியைத் தூக்கிக்கொண்டு கணவர்.

"இந்தாம்மா, கொஞ்சம் உட்காரு."

"வேண்டாங்க."

ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் முக்காலியை இறக்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் டீச்சர் அதைத் தாண்டிப் போனார். மேலே தலைமையாசிரியை வகுப்பு வாசலிலேயே நின்றிருந்தார். வழிவிட்டு ஒதுங்கினார்.

பின்னால், கடைசிப் படியருகே முக்காலி தடாலென்று இறங்கும் சத்தம். அதில் கணவரே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யாராவது சாருக்குத் தண்ணி கொடுங்க," என்று சாக்பீஸை எடுத்தார் டீச்சர். "மத்தவங்க நோட்டைத் திறங்க."