வாய்தா போட்ட நாள்

விவாகரத்து வாங்குவதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காரில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தார்கள். வேறு வழியில்லை. தெலங்கானா போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். பஸ்கள் ஓடவில்லை. ரயிலை எங்கே மறிப்பார்கள், எப்போது விடுவார்கள் என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியவில்லை. கல்யாணம் செகந்தராபாத்தில் நடந்தது என்பதால் மனுவையும் அங்கேயே போட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் நேரில் வந்து, எங்களுக்குச் சம்மதம்தான் என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். அந்தத் தேதி நவராத்திரிக்கு நடுவில் வந்து விழுந்தது.

"நான் கார்லதான் போறேன். வரதுன்னா வா," என்று மாதவ் போன் செய்தான். ரஞ்சனா ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

இருவரும் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள். அவனுக்கு அமெரிக்கக்காரர்களோடு ராத்திரி வேலை, அவளுக்குப் பகல் வேலை. கல்யாணமான பிறகு இரண்டு பேரும் ஒன்றாக விழித்திருந்தது சனி ஞாயிறுகளில் மட்டும்தான். அந்தச் சனி ஞாயிறுகளையும் சண்டைக்கென்று வைத்துக்கொண்டார்கள். அவன் அடித்ததில்லை, குடித்ததில்லை. யாராவது காரணம் கேட்டால் எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாததுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அவள் தனி வீடு பார்த்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வழியெல்லாம் மாதவ் நன்றாக நடந்துகொண்டான். ஏசி காற்று முகத்தில் பட்டால் அவளுக்குத் தலைவலி வரும் என்பதை ஞாபகம் வைத்து அதைத் திருப்பிவிட்டான். கர்னூலில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகம் சுளித்ததும், தானாகவே அடுத்த கடையில் நிறுத்தினான். குடித்தனம் நடத்தின காலத்தில் இதெல்லாம் செய்தவனில்லை. ரஞ்சனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கெல்லாம் சந்தோஷப்படக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி அவன் லாட்ஜில் தங்கினான். அவள் நாச்சாரத்தில் இருந்த அப்பா அம்மா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் குடும்ப நீதிமன்ற வாசலில் வக்கீல் சந்தானம் அவர்களுக்காகக் காத்திருந்தார். அவர் ரஞ்சனாவின் அப்பாவுக்கு ரொம்ப நாள் சிநேகிதர். அவருடையது வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்.

"இன்னிக்கு நடக்காதும்மா. வக்கீல் எல்லாம் பாய்காட். நாளைக்கு வாய்தா போட்டாச்சு," என்றார். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ச் சொன்னாப் போதும், நான் வெளியே நிப்பேன். டென்ஷன் நக்கோ, கவலையே வேண்டாம்."

ரஞ்சனா அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, நாளைக்குத் தள்ளிப் போயிடுத்து. நான் ஆத்துக்கு வரேன்."

மறுமுனையில் மங்களம் கொஞ்சம் தயங்கினாள். "இப்பவேவாடி? மத்தியானத்துலேருந்து காலனிக்காரா எல்லாம் கொலுவுக்கு வருவா. நீ தனியா வந்து நின்னா மாப்பிள்ளை எங்கேன்னு கேப்பா. எல்லாரும் போனப்புறம், சாயங்காலமா வாயேன்."

போனில் வந்த குரல் பக்கத்தில் நின்ற மாதவுக்கும் கேட்டது. அவன் கேட்காதமாதிரி சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "ஊருக்குள்ள எல்லாம் மூடிக் கெடக்கு. வெளியில ஒரு தீம் பார்க் இருக்காம், தொறந்திருக்குன்னு லாட்ஜ்ல சொன்னான். போலாமா?" என்றான்.

சொந்த ஊரில் போக இடமில்லாமல் நின்ற ரஞ்சனா காரில் ஏறினாள்.

பூங்காவில் கூட்டமே இல்லை. டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் இவர்களைப் பார்த்துச் சிரித்துத் தெலுங்கில் என்னவோ கேட்டாள்.

"என்ன சொல்றா?" என்றான் மாதவ்.

"ஜோடியான்னு கேக்கறா. ஜோடியா வந்தா சலுகையாம்."

"ஆமான்னு சொல்லு. நாளைக்கு வரைக்கும் சட்டப்படி ஜோடிதானே."

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. அந்தப் பெண் இருவர் மணிக்கட்டிலும் சிவப்புக் காகிதப் பட்டையை ஒட்டி அனுப்பினாள்.

முதலில் மோதும் கார்களுக்குப் போனார்கள். ரஞ்சனா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். ஒரு தடவை மோதியதில் மாதவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இது என் பர்த்டேயை மறந்ததுக்கு!" என்று இடித்தாள். "இது உங்கம்மா என் சாம்பாரைக் கொட்டினதுக்கு!" என்று வளைத்து வந்து மறுபடி இடித்தாள். அவன், "அது கெட்டுப் போயிருந்தது ரஞ்சு, சத்தியமா!" என்று கத்திக்கொண்டே வண்டியைத் திருப்பித் தப்பப் பார்த்தான். மணி அடித்துக் கார்கள் நின்றபோது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ரோலர் கோஸ்டர் என்றால் அவனுக்கு உள்ளூரப் பயம். ஏறமாட்டேன் என்று சொல்லவும் வெட்கம். உச்சியிலிருந்து வண்டி கவிழ்ந்து இறங்கியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கீழே வந்து நின்ற பிறகும் விடவில்லை. ரஞ்சனா கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மழை வந்தது. தகரக் கூரை போட்ட ஒரு கடையில் ஒதுங்கி மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டார்கள். அவன் அவளுடைய புது வேலையைப் பற்றிக் கேட்டான். அவள் மேனேஜரைப் போலப் பேசிக் காட்டினாள். அவன் கைதட்டினான். தட்டில் மிஞ்சியிருந்த கடைசி பஜ்ஜியை அவள் பக்கம் நகர்த்தினான். கூரை மேல் விழுந்த மழைச் சத்தத்தில் ரஞ்சனாவுக்கு ஒன்று தோன்றியது. இந்த மனுஷனோடு இருக்க முடியாதென்று யார் சொன்னது? நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட இப்படி ஒரு பகலை ஒன்றாகக் கழித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதானே?

"மாதவ், நாளைக்கு நாம போகலைன்னா என்ன ஆகும்?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "போகலைன்னா?"

"கோர்ட்டுக்குப் போகாம அப்படியே பெங்களூர் திரும்பிட்டா."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். யோசிப்பான் என்றாவது எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் வந்தது பயம். ரோலர் கோஸ்டரில் இருந்ததைவிடப் பெரிய பயம்.

"ரஞ்சு, விளையாடாதே. அம்மா ஒரு பொண்ணு பாத்திருக்கா. பாலக்காட்டுக்காரா. தை மாசம்னு பேசியாச்சு. அவகிட்ட நான் எல்லாம் சொல்லியாச்சு, அவ காத்திண்டிருக்கா."

"ஓ," என்றாள் ரஞ்சனா.

"நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னுதான் சந்தானம் சார் அப்பவே..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்பவே என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லு மாதவ்."

"கடைசி நேரத்துல மனசு மாறிடறது உண்டாம். ஜட்ஜ் முன்னாடி நிக்கற வரைக்கும் சண்டை போடாம, மனசு நோகாம கூட்டிண்டு வான்னார். அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "அப்போ ஏசியைத் திருப்பினது? காபிக்கு வண்டியை நிறுத்தினது?"

அவன் மழையைப் பார்த்துக்கொண்டே, "ஆனா இன்னிக்கு எனக்கு நெஜமாவே நன்னாத்தான் இருந்தது ரஞ்சு," என்றான். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

தனியாகப் போய்விடலாம் என்று வாசல் வரை நனைந்துகொண்டே நடந்தாள். பஸ் இல்லை. அவ்வளவு தூரத்துக்கு வர எந்த ஆட்டோக்காரனும் இசையவில்லை. கடைசியில் அவன் காரிலேயேதான் ஏற வேண்டியிருந்தது.

"நாளைக்கு வருவே இல்லே?" என்று அவன் ரிங் ரோட்டில் கேட்டான். அவள் பேசவில்லை. உப்பல் தாண்டியதும் மறுபடி கேட்டான். அப்போதும் பேசவில்லை. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவனைத் தவிக்க விடுவது அவளுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தை நினைத்து அருவருப்பாகவும் இருந்தது.

வீட்டில் கொலுவுக்கு வந்தவர்கள் இன்னும் போய் முடியவில்லை. எதிர் வீட்டு மங்கையர்க்கரசி சுண்டலும் கையுமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "யம்மா ரஞ்சனா, எப்ப வந்தே? மாப்பிள்ளை வரலியா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அவருக்கு ஆபீஸ்ல..." என்று மங்களம் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"அவர்தான் ஆன்ட்டி இப்போ கொண்டுவிட்டுட்டுப் போறார்," என்றாள் ரஞ்சனா. "நாளைக்கு எங்களுக்கு டைவர்ஸ்."

மங்கையர்க்கரசி சுண்டலைக் கீழே வைப்பதா வாயில் போடுவதா என்று தெரியாமல் முழித்தாள். பிறகு குங்குமம்கூட வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போனாள். மங்களம் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி, "இப்போ உனக்குத் திருப்தியா?" என்றாள்.

"இல்லேம்மா," என்றாள் ரஞ்சனா. அப்பா கிருஷ்ணமூர்த்தி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் நீதிமன்றத்தில் மாதவ் புதுச் சட்டையில் வந்து நின்றான். சவரம் செய்த இடத்தில் வெட்டுக்காயம். நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். அவனிடம் கேட்டு முடித்துவிட்டு ரஞ்சனாவைப் பார்த்து, யாராவது வற்புறுத்தினார்களா, யோசித்துத்தான் சொல்கிறாயா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார்.

ரஞ்சனா மாதவைப் பார்த்தாள். தனக்கு இதில் இஷ்டமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தை மாசமும் பாலக்காடும் சரிந்து விழும். அவன் புதுச் சட்டையின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு அப்புறம்? அவன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

"சம்மதம்தான்," என்றாள்.

வெளியே சந்தானம் பெருமூச்சு விட்டார். "ஹவ், ஆமா, முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுதும்மா."

"ஆமா அங்கிள். நீங்க சொன்ன மாதிரியே மனசு நோகாம கூட்டிண்டு வந்தார்," என்றாள். அவர் சட்டென்று செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டபடி நகர்ந்துவிட்டார்.

மாதவ் கிட்டே வந்தான். "தேங்க்ஸ் ரஞ்சு," என்றான், லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்த முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல. ரயில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவளுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருப்பதும் அவனுக்குத் தெரியும். 'கார்ல வரியா' என்று கேட்பான், 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று அவள் வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் கேட்கவில்லை. வாட்சைப் பார்த்தான். "இருட்டறதுக்குள்ள கர்னூல் தாண்டணும்," என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியை எடுத்தான்.