கோதுகள் முடியும்வரை

ராசமலர் சுட்டு வெறுமையான தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் கம்பியை விட்டாள். பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பி. நுனியைக் கூராக்கி வளைத்திருந்தாள். அடிப்பக்கம் உட்சுவரோடு ஒட்டி மெல்ல மேலே இழுத்தாள். உள்ளே பள்ளம் இருந்தால் நுனி தட்டும்; தடையில்லாமல் வந்தது. கோதை வலப்பக்கம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

படியில் காலடி கேட்டது. அவளுடைய கணவன் குலேந்திரன். துவக்கு, தோட்டா வேலைக்கென்று இந்த நிலக்கீழ் அறையை அவள் எடுத்துக்கொண்ட பிறகு அவன் இங்கே இறங்கியதில்லை.

"இன்னும் முடியேல்லையோ?"

"இல்லை."

"எத்தினை வருசம்?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

அவள் அவனுக்கு வாக்குக் கொடுத்து ஏழு வருடம். அதற்கு முன்பு, புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், கிரின்ஸ்டெட் ஊர் முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்த பிர்கிட் ஒரு சனிக்கிழமை அவளைச் சுடுகழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ராசமலர் சுட்டாள். பட்டது. மறுபடி சுட்டாள். அதே இடத்தில் பட்டது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அதுவரை அவள் செய்த எதற்கும் யாரும் கைதட்டியதில்லை. பிறகு வேட்டைப் பரீட்சை, உரிமம், ரைபிள். கடைத் தோட்டா அவள் தோளை அதிகம் உதைத்தது. அனுமதி எடுத்து, சுட்ட கோதிலேயே குறைந்த வெடிமருந்தும் நுனியில் புதுச் சன்னக்குண்டும் வைத்து வீட்டில் நிரப்பப் பழகினாள்.

ரண்டர்ஸ் ஊரில் ஒரு சாமத்தியவீட்டில், பூப்புநீராட்டு விழாவில், அது பேச்சாயிற்று.

"குலேந்திரன் அண்ணை, மனுசியோடை சண்டை பிடிக்கேக்க கவனம்."

யாரோ ஒருவன் சொல்ல, மண்டபம் சிரித்தது. திரும்பும்போது காரில் அவன் சொன்னான்:

"இருக்கிற கோது முடியும்வரை சுடு. புதுசு வாங்கக்கூடாது. அதோடை விட்டிடு."

அந்தச் சிரிப்பு மட்டும் காரணமில்லை. ஊரில், பதினேழு வயதில், ஆமிக்காரர் வீட்டைச் சோதித்து அவனைக் கொண்டுபோனது ஒரு வெற்றுக் கோதுக்காக. அவனுடைய தம்பி விசிலடிக்க எடுத்து வைத்திருந்தது. அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் "ஓம்" என்றாள்.

ஐந்தாறு முறை சுட்டால் கோது போய்விடும் என்று அவன் எங்கோ வாசித்திருந்தான். ஐம்பது கோது. இரண்டு வேட்டைப் பருவம் தாங்கும் என்று நினைத்தான்.

அவளோ, பித்தளை அதிகம் இழுபடாமல், கோதின் வாய்ப்புறக் கழுத்தை மட்டும் அச்சில் விட்டு இறுக்கினாள். ரைபிளின் பூட்டு மூட மறுத்தால்தான் முழுக்கோதும் அச்சுக்குள் போகும். வெடிக்க வெடிக்கப் பித்தளை விறைக்கும். விறைத்தால் கழுத்துப் பிளக்கும். ஆகவே கழுத்தைச் சுடரில் காட்டிப் பதப்படுத்தினாள். அப்படியும் பிளந்ததைக் குறட்டால் நசுக்கி ஊறுகாய்ப் போத்தலில் போட்டாள். போத்தலைக் குசினியில் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்தாள், அவன் பார்க்கட்டும் என்று. தேத்தண்ணி போடும்போதெல்லாம் அவன் பார்த்தான். போத்தல் நிறையவில்லை.

அடுத்த வாரம் மான் பருவம். மேசையில் இன்னும் முப்பது கோதுக்கு மேல் இருந்தது.

குலேந்திரன் ஒன்றை எடுத்து விளக்கின் கீழே திருப்பினான்.

"இஞ்சை பார். அடியிலை வளையம். பளபளக்குது."

"ஓம்."

"அடி கழரப்போகுதெண்டு அர்த்தம். வெடிக்கேக்க ரெண்டாப் பிரியும். நெருப்புக் காத்து முகத்துக்குத்தான் வரும். கண் போகும்."

"நல்லா வாசிச்சிருக்கிறியள்."

"பகிடி விடாதை. எல்லாம் ஒரே வயசுக் கோது. ஒண்டு போனால் எல்லாம் போச்சு. முடிஞ்சுது, மலர்."

அவள் கோதை வாங்கி இடுக்கியில் பூட்டினாள். இரும்பு வாளால் நீளவாட்டில் அறுத்தாள். ஒரு பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"விரலாலை தடவுங்கோ."

சுவர் அடியில் தடித்து, மேலே போகப் போகச் சீராக மெலிந்தது. பள்ளம் இல்லை.

"வெளியிலை தெரியிறது அச்சு நிண்ட தடம். உள்ளுக்குப் பள்ளம் விழுந்தால்தான் ஆபத்து."

"ஒரு நல்ல கோதை வீணாக்கிப்போட்டாய்."

"நானோ?"

அவன் படியேறத் திரும்பினான். அவள் அடுத்த கோதை எடுத்தாள். கம்பி வந்தது. ஓரிடத்தில் தட்டி நின்றது. மறுபடி விட்டாள். அதே இடத்தில் நின்றது.

அவனுடைய முதுகைப் பார்த்தாள். இதைப் போத்தலில் போட்டுவிட்டு மற்றதுகளால் சுடலாம். இன்னும் ஒரு பருவம் ஓட்டலாம். அவனுக்குத் தெரியவராது.

"நில்லுங்கோ."

அறுத்தாள். அடியிலிருந்து சிறிது மேலே, சுவர் சுற்றிவரக் குழிந்திருந்தது. கடதாசி மெலிவு. அதையும் அவன் கையில் வைத்தாள்.

"நீங்கள் சொன்னது சரி. ஒரே வயசு. எல்லாம் முடிஞ்சுது."

மிச்சத்தை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கினாள். அவன் குசினிக்குப் போய்ப் போத்தலை எடுத்துவந்து பிடித்தான். போத்தல் நிறைந்தது.

"அப்ப துவக்கைப் பொலிசிலை எப்ப குடுக்கப்போறாய்?"

"குடுக்கேல்லை. நாளைக்குப் புதுக் கோது வாங்கப்போறன்."

"நீ ஓமெண்டு சொன்னனீ."

"சொன்னனான். ஏழு வருசம் அந்தச் சொல்லோடை இருந்தன். ஒரு கோது வாங்கேல்லை. இப்பவும் ஒளிக்கேல்லை. இனி ஓமெண்டு சொல்லமாட்டன்."

"சனம் என்ன சொல்லும்?"

"மான் இறைச்சி இருக்கோ எண்டு கேக்கும். ஒவ்வொரு வருசமும் அதைத்தான் கேக்குது."

"உனக்கு விளங்காது. வீட்டிலை கோது கிடந்தால்…"

"விளங்கினபடியால்தான் ஏழு வருசம் பொறுத்தனான். உங்களைக் கொண்டுபோன கோது வேறை. இது என்ர. என்ர பேரிலை பொலிஸ் தந்த அனுமதி இருக்கு. ஆரும் கதவை உதைச்சுக்கொண்டு வரமாட்டினம்."

அவன் போத்தலை மேசையில் வைத்துவிட்டு மேலே போனான்.

காலையில் கார்த் திறப்பு சாவிக் கொக்கியில் இல்லை.

"திறப்பு?"

"என்ர பொக்கற்றிலை. எனக்குக் கார் வேணும்."

"எங்கை போறியள்?"

"ஒரு இடமும் இல்லை."

கோது விற்கும் கடை அடுத்த ஊரில். அன்று சனிக்கிழமை, பஸ் இல்லை. அவள் சைக்கிளை வெளியே தள்ளினாள். சக்கரங்களுக்குக் காற்றடித்தாள். தலைக்கவசத்தைப் பூட்டினாள்.

எதிர்காற்று. இரண்டு பக்கமும் வெறும் வயல். பன்றி எரு மணத்தது. முதல் மேட்டிலேயே தொடை எரிந்தது. அவள் இறங்கவில்லை.

பின்னால் கார் வந்தது. பக்கத்தில் வந்து மெதுவானது. கண்ணாடி இறங்கியது.

"ஏறு."

அவள் மிதித்தாள்.

"ஏறடி. ஆக்கள் பாக்கினம்."

"இஞ்சை மாடுதான் பாக்குது."

"சைக்கிளைப் பின்னாலை போடலாம், மலர்."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கடை வாசலிலை நில்லுங்கோ. திரும்பி வரேக்க ஏறுறன்."

"இப்ப ஏறினால் என்ன?"

"போறது நானாப் போறன்."

கண்ணாடி ஏறியது. கார் முந்தவில்லை. எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.

கடைக்காரன் ஐம்பது கோது உள்ள பெட்டி ஒன்றை மேசையில் வைத்தான். அவள் அனுமதிப் பத்திரத்தை நீட்டினாள். கடைக் கண்ணாடிக்கு வெளியே கார் நின்றது. சைக்கிளை ஏற்றப் பின்கதவு திறந்திருந்தது.

"இரண்டு பெட்டி" என்றாள்.