மருந்தில்லாமல் போன குண்டு

அனஸ்ரேசியா சுட்ட குண்டு அருட்செல்வத்தின் நெஞ்சைச் சென்றடையக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்று தெரிந்ததும், பொலிஸ்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். இன்னும் ஒருவரிலும் படாத குண்டுக்கு வழக்கு எழுத வழியில்லை என்று சொன்னார்கள். இருட்டில் நடக்கிறவர்களின் உடம்பில் இடித்துவிடாமல் அதில் ஒரு ஒளித்தகட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். ஒஸ்லோவில் மாரிகாலத்தில் பிள்ளைகள், நாய்கள், கைப்பைகள் எல்லாவற்றிலும் தொங்குகிற அதே தகடுதான். நாவற்பழம் அளவான ஈயக்குண்டு, நெஞ்சு உயரத்தில், நாளொன்றுக்கு இரண்டு பஸ் தரிப்பிடத் தூரம் ஊர்ந்தது. கதவு வந்தால் கதவில் ஓட்டை, சுவர் வந்தால் சுவரில் ஓட்டை. அருட்செல்வம் எந்தப் பக்கம் இருந்தாரோ அந்தப் பக்கம் போனது.

அனஸ்ரேசியா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தவர். கணவர் யூலியன் பஸ் ஓட்டினார். பள்ளிக்கூட வாத்தியக் குழு ஒன்று நடத்திய பழஞ்சாமான் சந்தையில், திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து அனஸ்ரேசியா தூக்கிவந்த இரும்புக் குழாய், கழுவித் துடைத்தபோது துவக்குக் குழலாக இருந்தது. இடியன் துவக்கின் குழல். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த குண்டை அதன்மேல் வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுடுகிற பழங்காலத்துச் சாமான். வேறொருத்தி என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டிருப்பாள். அனஸ்ரேசியா பழந்துவக்குக் கழகத்தில் சேர்ந்தார். எண்ணெய் விட்டு விட்டுத் துருவை உரஞ்சி எடுத்தார், உடைந்த விசைக்கு வில்லுத்தகடு காய்ச்சி அடித்தார், பேர்ச் மரத்தில், குழலைத் தாங்கித் தோளில் முட்டுக்கொடுக்கிற பிடங்கு செதுக்கினார். குசினி மேசை முழுக்க மரத்தூள். யூலியன் அதைத் தட்டிவிட்டுப் புட்டுச் சாப்பிட்டார். சில நாள் தட்டாமலும் சாப்பிட்டார். சில மாரிகள் போயின. கடைசியில் குழலின் அடியில், பிடங்கைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், அனஸ்ரேசியா தன் பெயரைத் தமிழில் வெட்டினார். துவக்குச் செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வெட்டுவார்கள்.

அருட்செல்வம் அனஸ்ரேசியா போகிற அதே மாதா கோயிலுக்குப் பூசைக்கு வருகிறவர். அவரைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே அனஸ்ரேசியாதான். துரொண்ட்ஹெய்மில் துவக்குக் கண்காட்சி வந்தபோது அனஸ்ரேசியாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன் என்று அருட்செல்வம் துவக்கை வாங்கிப் போனார். பத்திரமாகத்தான் கொண்டுவந்தார், ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி. அதற்குப் பிறகு கழகத்தின் சஞ்சிகை வந்தது. அதில் அருட்செல்வம் கண்காட்சியில் கிடைத்த பரிசுக் கேடயத்தோடு நின்று சிரித்தார், துவக்கைச் செய்தவர் என்று அவருடைய பெயர் இருந்தது. அனஸ்ரேசியா பிடங்கைக் கழற்றிப் பார்த்தார். அனஸ்ரேசியாவின் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே அருட்செல்வம் தன் பெயரை வெட்டியிருந்தார்.

கோயில் வாசலில் கேட்டதற்கு அவர் ஒளிக்கவில்லை.

"அக்கா, நாங்கள் ஒரு வீட்டாக்கள் மாதிரித்தானே, ஆரின்ரை பேர் இருந்தால் என்ன? துவக்கெண்டால் ஒரு ஆம்பிளையின்ரை பேர் இருந்தால்தான் வெள்ளையள் நம்புவாங்கள்."

அனஸ்ரேசியா திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து இரண்டாவது துவக்கைத் தொடங்கினார். அரத்தை இழுக்கும்போதெல்லாம் அந்த ஆளுடைய மீசையை நினைத்து இழுத்தார். இரும்பு வெண்ணெய் மாதிரி இளகிக் கொடுத்தது. ஈயத்தை உருக்கும்போது அந்தச் சிரிப்பை நினைத்தார். அடுப்பைப் போட முன்னமே ஈயம் உருகி நின்றது. கோபத்தில் செய்த சாமான் கெதியாக முடிந்தது, முதலாவதை விட வடிவாகவும் இருந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அருட்செல்வம் அதே கழகத்து ஆட்களுக்கு முன்னால், அதே வாயால், அந்தத் துவக்கைச் செய்தது அனஸ்ரேசியா என்று சொல்லவேண்டும். கழகத்தின் கோடைச் சுடுபோட்டியில் எல்லாருக்கும் முன்னால் அவரை வென்று, வென்ற கையோடு அதைக் கேட்பது என்று முடிவெடுத்தார்.

குண்டைப் பொதிகிற துணியை வாயில் வைத்து எச்சிலில் நனைப்பது இடியன்காரரின் பழக்கம். அருட்செல்வம் துவக்கைச் சுற்றிக்கொண்டு வந்த வெள்ளைத் துணியில்தான் அனஸ்ரேசியா ஒரு துண்டு வெட்டினார். அதை வாயில் அதக்கிக்கொண்டு போட்டி வரிசையில் நின்றார். மருந்து கெட்டிக்கிற ஆளோடு ஒருவரும் கதைக்கக்கூடாது என்பது கழகத்தின் முதல் விதி, ஏனென்றால் கதை கேட்கிற ஆள் மருந்து போட மறந்துபோவார். அருட்செல்வம் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, தமிழில் கேட்டால் ஒருவருக்கும் விளங்காது என்ற துணிவில் கேட்டார்:

"அக்கா, இந்த முறை ஆரின்ரை பேரைப் போட்டிருக்கிறியள்?"

அனஸ்ரேசியா குண்டை வைத்தார், கோலால் இடித்தார், குறி பார்த்தார், விசையை இழுத்தார். மருந்தைப் பற்றவைக்கிற பொட்டுவெடி மட்டும் சின்னதாக வெடித்தது. புகை இல்லை. பிறகு குழலின் வாயால் குண்டு நத்தை மாதிரி எட்டிப் பார்த்து, வெளியே வந்து, குறிப்பலகையை விட்டுவிட்டு அருட்செல்வம் இருந்த வாங்குப் பக்கம் திரும்பியது. சுடுதளத்துக்குப் பொறுப்பாக இருந்த றொபின் என்ற நோர்வேக்காரர் எல்லாரையும் துவக்கைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு வந்து பார்த்தார். அளந்து வைத்த மருந்து மேசையிலேயே அப்படியே இருந்தது. மருந்தில் போகிற குண்டு உடனே போய்விடும், இது வேறெதிலோ போகிறது, அதனால் ஆறுதலாகத்தான் போகும் என்று சொல்லி, எல்லாரையும் வாஃபில் சாப்பிடக் கூப்பிட்டார். அருட்செல்வம் சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவர் வீடு மாறத் தொடங்கினார். குண்டு ஹொல்ம்லியாவுக்கு வந்தால் அவர் ஸ்ட்ரோம்மனில் இருந்தார். குண்டு அங்கேயும் வந்தது. கடைத்தொகுதிக்குள் சப்பாத்துக் கடை வழியாகப் போய்க் கோப்பிக் கடை வழியாக வெளியேறியது, ஆட்கள் தள்ளுவண்டிகளை விலத்தி வழிவிட்டார்கள். அது ரி-பானா என்கிற நிலக்கீழ் ரயில் பாதையைக் குறுக்கறுக்கிற நாட்களில் ரயில்கள் சற்றுப் பொறுத்துப் போயின. பயணிகள் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. அவர் துரொண்ட்ஹெய்முக்குத் தம்பி வீட்டுக்கு ஓடினார். பெருந்தெரு வழியே, பனிக்குள்ளாலும் மழைக்குள்ளாலும், குண்டு போய்ச்சேர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அங்கேயும் தன்னுடைய கேடயத்தின் கதையை அவர் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார். குண்டு வந்ததும் விமானம் ஏறித் திரும்பினார். குண்டும் திரும்பியது.

அது ஒஸ்லோவில் நிற்கிற காலங்களில் அனஸ்ரேசியா ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்ப்பார். மேலே கிடக்கிற பனியைக் கையுறையால் தட்டிவிடுவார், ஒளித்தகட்டைத் துடைப்பார், அது போகிற திசையைப் பார்த்து மனம் குளிர்ந்து வீட்டுக்கு வருவார். பாவமில்லையா என்று யூலியன் ஒருநாள் கேட்டார். ஒரு வசனம் சொன்னால் முடிகிற விசயம், பாவத்தை அவரிடம் கேள் என்று பதில் வந்தது.

கடைசியில் அருட்செல்வம் ஒரு தந்திரம் செய்தார். அனஸ்ரேசியாவின் பக்கத்து வீடு வாடகைக்கு வந்ததும் அதை எடுத்தார். குண்டு தன்னிடம் வருவதென்றால் முதலில் சுட்டவளின் வீட்டுக்குள்ளால்தான் வரவேண்டும், அப்போது அவளே அதை மறித்துப் பிடிப்பாள் என்பது அவருடைய கணக்கு. அனஸ்ரேசியா மறிக்கவில்லை. அந்தோனியாரின் சுரூபத்தை ஓரமாக நகர்த்தினார், சோபாவைத் தள்ளினார், ஓட்டை விழாமலிருக்க யன்னலைத் திறந்துவிட்டார். குண்டு வருகிற நாளைக் கணித்து, றொபினையும் கழகத்து ஆட்களையும் கோப்பிக்கு அழைத்தார். அவர்கள் இரண்டு பக்கச் சுவரோடும் கதிரை போட்டிருந்து றோல்ஸ் சாப்பிட, நடுவே குண்டு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டில் அருட்செல்வம் பெட்டி அடுக்கச் சொல்லுகிற சத்தம் கேட்டது. அவருடைய மனைவி ஞானமலரின் குரலும் கேட்டது.

"நான் இனி ஒரு கோப்பையும் கடதாசியிலை சுத்தமாட்டன். ஒண்டில் நீங்கள் போய் அந்த மனிசியிட்டைச் சொல்லுங்கோ, இல்லாட்டி அதை வாங்கிக்கொண்டு இஞ்சையே கிடவுங்கோ."

சற்று நேரத்தில் அருட்செல்வம் வீட்டுச் செருப்போடு அனஸ்ரேசியாவின் அறை நடுவில் வந்து நின்றார். குண்டு அவரைப் பார்த்துத் திரும்பியது. அவர் குனிந்த தலையோடு, உங்களுக்குத் தெரியும்தானே அக்கா என்று தொடங்கினார்.

"எனக்குத் தெரியும்," என்றார் அனஸ்ரேசியா. "எனக்குச் சொல்லாதையும். அவையளுக்குச் சொல்லும். அவையளின்ரை நோர்ஸ்க் பாசையிலை சொல்லும்."

குண்டு சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது அவர் சொன்னார். அந்தத் துவக்கைத் தான் செய்யவில்லை, அனஸ்ரேசியா செய்தது, பெயரை ராவி எடுத்ததும் தானே என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். குண்டு நின்றது. றொபின் தலையாட்டி, அடுத்த சஞ்சிகையில் திருத்தம் போடுவதாகச் சொல்லிவிட்டு, இன்னொரு றோல்ஸ் எடுத்தார்.

குண்டு விழவில்லை. மன்னித்தால் விழும் என்று ஞானமலர் பலமுறை வந்து தேத்தண்ணி குடித்து எடுத்துச் சொல்லியும், அனஸ்ரேசியா அதற்கு அவசரம் இல்லை என்றுவிட்டார். அது இப்போதும் அந்த அறையின் நடுவில் பக்கத்து வீட்டைப் பார்த்தபடி நிற்கிறது. வேலையால் வந்ததும் அவர் கைப்பையை அதில்தான் கொழுவுகிறார். போன மாதம் அடுத்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அந்தத் துவக்கு வேலையில் தானும் கொஞ்சம் கை கொடுத்தது என்று அருட்செல்வம் யாருக்கோ சொல்லுகிற குரல் கேட்டது. கைப்பை ஓர் எள்ளளவு அசைந்தது. அனஸ்ரேசியா கறியைக் கிண்டிக்கொண்டிருந்த அகப்பையால் சுவரில் தட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து, "இல்லை இல்லை, அக்கா தனியச் செய்தது," என்று கேட்டது. கைப்பை நின்றது. அவர் உப்புப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.