ஆட்டு வழக்கில் பிறந்த வேலாயுதம்

1

நாக்கு நுனிக்கு வந்திருச்சு. இன்னும் ஒரு மூச்சு விட்டா வெளிய விழுந்துரும். விழுந்தா இந்த மேசை மேலதான் விழும், மைக்கூட்டுக்கும் அந்த ஐயாவோட கண்ணாடிக்கும் நடுவுல. எல்லாரும் குனிஞ்சு பார்ப்பாங்க. இதுக்கா இத்தனை நேரம்னு கேப்பாங்க.

சண்முகவடிவு இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரஜாவுரிமை விசாரணை அறையில், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். வருஷம் 1953. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உன் புருஷன் பெயர் என்ன?

அவள் அப்படியே நிற்கட்டும். மலையேறிக் கொழுந்து பறித்த கால், கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டு நீதிமன்றம் ஒன்றின் பழைய வழக்குக் கட்டுகள் கிடக்கும் அறையில் கிடைத்தது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லாமல் இருப்பது இந்தக் கதையில் வழக்கம். நான் தேடிப் போனது என் அப்பாவின் அப்பாவை. அக்கரப்பத்தனைப் பக்கம் எப்போது வந்தார், யாரோடு வந்தார், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அறைக்குப் பொறுப்பான சிங்கள மாத்தயா, அதாவது ஐயா, நல்லவர். எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, "உங்கள் ஆள் என்ன குற்றம் செய்தார்?" என்று கேட்டார்.

"ஒன்றும் செய்யவில்லை."

"அடடா, அப்படியானால் இங்கே இருக்கமாட்டாரே" என்றார், உண்மையான அனுதாபத்தோடு.

(என் குடும்பம் ஒழுங்காக வாழ்ந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.)

போனதற்காவது எதையாவது புரட்டுவோம் என்று புரட்டியபோது, 1936ஆம் வருஷத்து ஆட்டு வழக்கு ஒன்று கையில் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆடு ஒன்று தோட்டத்துக் கிளாக்கரின் லீக்ஸ் பாத்தியில் இறங்கி மேய்ந்துவிட்டது. ஆட்டுக்காரி கூண்டில். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: 'கணவன் பெயர் கேட்கப்பட்டது. சிரிக்கிறாள். மீண்டும் கேட்கப்பட்டது. சிரிக்கிறாள்.' அதற்கு அடுத்த வரி: 'கணவன்: வேலாயுதம்.'

இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும்? அதுதான் கதை. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி மூடிய மலைச்சாரலில், பச்சைப் பட்டு விரித்தாற்போல்...'

அடித்துவிட்டேன். சண்முகவடிவுக்கு அது பட்டு இல்லை, விடியற்காலையில் இடுப்புவரை நனைக்கிற செடி.

இரண்டாவது தொடக்கம்: 'சண்முகவடிவின் புருஷன் பெயர்...'

இது இங்கேயே நின்றுவிட்டது. இந்தக் கதையை நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எழுதுகிறேன். அவள் வாயில் வராத பெயர் என் பேனாவில் மட்டும் எப்படி வரும்? அதனால் அவள் சொல்கிற மாதிரியே நானும் சொல்கிறேன்: பூரணியப்பா. பூரணி அவர்களுடைய மகள். ஆட்டு வழக்கு நடந்தபோது கைக்குழந்தை.

3

வழக்கன்றைக்குப் பூரணியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவரே எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லியிருப்பார், எனக்குக் கதையே இருந்திருக்காது. அதனால் அந்த லீவை நான்தான் கொடுக்கவில்லை.

நீதவான் கேட்டதைத் தமிழில் கேட்டவர் ஒரு யாழ்ப்பாணத்துத் துபாஷி.

"உன்ரை புருஷன்ரை பேர் என்ன?"

அவள் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? பேரைச் சொல்லு பிள்ளை."

"சாமி பேருங்க."

"எந்தச் சாமி?"

அவள் வலது கையை மடக்கி, ஒரு கம்பைப் பிடித்திருப்பதுபோல் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினாள்.

"முருகனோ?"

"அந்தச் சாமிதாங்க. அந்தப் பேரு இல்லீங்க."

"கந்தன்? ஆறுமுகம்? சுப்பிரமணியம்?"

ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பின்வரிசையிலிருந்து யாரோ "குமரனா பாருங்க!" என்று குரல் கொடுத்தார். இன்னொருவர் "கதிர்வேலு!" என்றார். நீதிமன்றம் ஏலக்கடையாகிவிட்டது. நீதவான் மேசையைத் தட்டினார். துபாஷிக்குப் பசி வந்திருக்க வேண்டும். (பதிவில் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட முடிவுகளைப் பசியில்தான் எடுப்பார்கள்.)

"கையிலை வேல் பிடிச்சுக் காட்டுறாள். வேலாயுதம் எண்டு எழுதுங்கோ."

இல்லீங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனா கோட்டே ஒரு பேரைக் குடுக்குது. வேணாம்னா மரியாதையாவா இருக்கும்? மூடிக்கொண்டாள். ஆடு குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவளை எச்சரித்து அனுப்பினார்கள்.

சாயங்காலம் லயத்து வாசலில் பூரணியப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"ஆட்டைக் கட்டிப் போடணுமாம். உங்களுக்குப் புதுப் பேரு வச்சிருக்காங்க."

"எனக்கா? என்னா பேரு?"

"வேலாயுதம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாய் சுடவில்லை. நாக்கு இழுக்கவில்லை. புருஷனுடைய ஒரு பெயர், தேங்காய்த் துண்டு மாதிரி சுலபமாக வாயில் உருண்டது.

அன்றிலிருந்து 'ஏங்க' போயிற்று. "வேலாயுதம், வெறகு பொளக்கலியா?" "வேலாயுதம், தண்ணி கொதிச்சிருச்சு, குளிங்க." லயமே சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த பேச்சியம்மாதான் பதறினாள்.

"அடியே, கட்டினவனப் பேரு சொல்லிக் கூப்புடுறியே, நாக்கு அழுகிப் போகும்டி!"

"அவரு பேரா அது? கோட்டுப் பேருக்கா. நீங்களும் ஒரு ஆடு வாங்கி விடுங்க, உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வச்சுத் தருவாங்க."

4

(இந்தப் பகுதியைக் கொஞ்சம் கட்டுரையாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாடு சுதந்திரம் பெற்றதும் தோட்டத்து ஆட்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நீ இத்தனை காலமாக இங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? மலை சாட்சி சொல்லாது. செடியும் சொல்லாது. காகிதம் வேண்டும். சண்முகவடிவும் பூரணியப்பாவும் முன்பு வேலை செய்த தோட்டத்தில், ஆட்களின் பெயர்ப் பதிவேடான செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது. காகிதம் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. மனு போனால் மூன்று பேரும் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

நுவரெலியாவில் ஒரு வக்கீலிடம் கிளாக்கராக இருந்த சூசைரட்ணம் இவர்களுக்கு உதவ வந்தார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

"போலீஸ், கோட்டுன்னு எங்கயாச்சும் போயிருக்கீங்களா அண்ணே?"

பூரணியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க தம்பி இப்படிக் கேட்டுப்புட்டீங்க? நாங்க மானமா பொழைக்கிறவங்க."

"ஆட்டுக் கேசு இருக்குல்ல!" என்றாள் சண்முகவடிவு.

சூசைரட்ணம் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா! நல்ல வேளை ஒரு குத்தமாச்சும் பண்ணியிருக்கீங்க!"

பேச்சியம்மா தலையில் கை வைத்தாள். "எங்க குடும்பத்துல ஒரு களவாணிப் பயலாச்சும் பொறந்திருக்கக் கூடாதா!"

நீதிமன்றத்திலிருந்து முத்திரை போட்ட நகல் வந்தது. தோட்டம் சரி, வயது சரி, சண்முகவடிவு சரி. கணவன் வேலாயுதம். மனுவிலோ வேறு பெயர்.

"ரெண்டு புருஷனான்னு கேப்பாங்க" என்றார் சூசைரட்ணம். "ஒண்ணும் பயப்படாதீங்க. கோட்டுல தப்பா எழுதிட்டாங்க, எம் புருஷன் பேரு இதுன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிட்டாப் போதும்."

5

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை.

சொல்ல வைக்க வேண்டும் என்றுதான் நான் உட்கார்ந்தேன். நான் என் புருஷனை நாள் முழுவதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், பெரும்பாலும் அதட்டி. இவளுக்கு மட்டும் என்ன வந்தது? பழக்கம்தானே, பூட்டுத்தானே, உடைக்கட்டுமே என்று நினைத்தேன். விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம் அவளை ஆளில்லாத மலைக்கு அனுப்பினேன். தேயிலைச் செடிகளிடம் சொல்லிப் பழகட்டும் என்று.

முதல் எழுத்தை உதட்டில் கூட்டினாள். நிறுத்தினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

காலைல ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுல தெனம் இந்தப் பேரத்தான் கூப்புடுறாங்க. கங்காணி கூப்புடுறான், கண்டாக்கு ஐயா கூப்புடுறாரு. வைய, வேலைக்கு அனுப்ப, எல்லாத்துக்கும் இந்தப் பேருதான். எல்லாரும் எடுத்து எடுத்துத் தேஞ்சு போச்சு. நான் ஒருத்திதான் எடுக்காம வச்சிருக்கேன். எங்கிட்ட இருக்கிறது மட்டுந்தான் புதுசு.

நான் எழுதுவதை நிறுத்தினேன். பயம் என்று நான் எழுதி வைத்திருந்த இடங்களில் எல்லாம் திரும்பிப் போய் அடித்தேன். (மூன்று இடம். இப்போது தேடினால் கிடைக்காது.)

ஆனாலும் முடிவு வேண்டுமே.

(அ) சொல்லிவிடுகிறாள். மனு ஏற்கப்படுகிறது. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். குரல் என்னுடையதாக இருந்தது. கிழித்தேன். அந்தத் துண்டுகளில்தான் அந்தப் பெயரும் போயிற்று.

(ஆ) விசாரணை ஐயா சிங்களவர். அவர் மனைவி இருபது வருஷமாக அவரை 'மாலினியின் தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறாள். (சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. பயப்பட வேண்டாம்.) அது அவருக்குச் சரியான நேரத்தில் ஞாபகம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

(இ) மனு தள்ளுபடி. அப்படி எத்தனையோ மனுக்கள் போயின. அது மறைக்கிற விஷயம் இல்லை. ஆனால் இவளுக்கு அதை எழுத எனக்குக் கை...

6

அவளை நிற்க வைத்து நேரமாகிவிட்டது. அறைக்குள் போவோம்.

ஐயா நகலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் கேட்டார்.

"வேலாயுதம் யாரு?"

"வேலாயுதம் இவருதாங்க!" கணீரென்று சொல்லி, பக்கத்தில் நின்ற பூரணியப்பாவைக் காட்டினாள்.

"அப்ப மனுவுல இருக்கிற பேரு யாரோடது?"

"அதுவும் இவரோடதுதாங்க."

"சரி. அந்தப் பேரச் சொல்லுங்க."

அவள் சிரித்தாள்.

"சொல்லிரு புள்ள" என்றார் பூரணியப்பா. வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "நாந்தான் சொல்லச் சொல்றேன்ல. பூரணிக்காகச் சொல்லிரு."

"வேலாயுதம், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

விசாரணையை எழுதிக்கொண்டிருந்த கிளாக்கரின் பேனா நின்றது. ஒரு பெயரை ஊர் கேட்கச் சொல்கிறாள். மற்றதைத் தொடவே மாட்டேன் என்கிறாள். எது அவள் புருஷனுடைய பெயர் என்பதற்கு அந்த அறையில் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஐயாவுக்குப் புரிந்ததா என்பதை நான் எழுதப் போவதில்லை. ஐயாவுடைய பேனாவை உங்கள் கையில் கொடுக்கிறேன். வாசித்தவர்கள் நீங்கள், எங்கே கையெழுத்துப் போடுவது என்று உங்களுக்குத் தெரியும்.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். தனக்குத் தெரிந்த தமிழில் அவரே கேட்டார்.

"பேர். ஒரு தடவ. சொல்லு."

எழுத்துகள் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கூட்டிப் போனாள்.

"வேற என்னா வேணும்னாலும் கேளுங்க ஐயா" என்றாள் மெதுவாக. "அது மட்டும் வேணாங்க."