மிஸ்ஸுக்குப் பல்வலி

வகுப்பில் அவளுக்கு வெடுக்கு என்று பெயர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற வாய். பல் மருத்துவ உதவியாளர் படிப்பின் கடைசிக் கட்டமாக ஒரு கிளினிக்கில் வேலை பழக அனுப்பியிருந்தார்கள். அந்த டாக்டர் நடத்தைக்கு மதிப்பெண் போட்டால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை. இல்லையென்றால் தையல் மெஷினில் முதுகொடிய உட்கார்ந்து அவளைப் படிக்க வைத்த அக்காவின் பாடெல்லாம் வீண்.

கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் பெட்டி ஒன்று மூலையில் இருக்கத்தான் செய்தது. டாக்டர் அதன்மேல் தன் சாப்பாட்டுப் பையை வைப்பார். ஒருவர் வாயிலிருந்து எடுத்த, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பஞ்சால் ஒரு துடைப்பு, உடனே அடுத்தவர் வாய்க்குள். ஈறில் சீழ் வடிந்த பெரியவருக்கு வைத்ததையே அடுத்து வந்த பெண்ணுக்கும் வைத்தபோது வெடுக்குக்குக் குடலைப் புரட்டியது. அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. மறுநாள், "இன்னும் வேக வெக்கல சார், எடுத்துத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் கல்லூரிக்குப் போன் போட்டார். அங்கே பாடம் நடத்தும் மிஸ் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார், வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி. வெடுக்கை மருந்து அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்கதானே மிஸ் சொல்லிக் குடுத்தீங்க, வேக வெக்காம அடுத்தவங்களுக்கு வெக்கக் கூடாதுன்னு?"

"அது பரீட்சைக்குடீ. இந்த இடம் கைவிட்டுப் போச்சுன்னா அடுத்த வருஷப் பசங்கள எங்க கொண்டு போய்த் தள்றது? இவ்ளோ பெரிய டாக்டர் அப்படிச் செய்வாரா? எல்லாம் உன் பிரமை. போய் மன்னிப்புக் கேளு."

அக்காவை நினைத்துக்கொண்டு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள். சொன்ன வார்த்தை வாயிலேயே கசந்தது.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மேடம், கன்னம் என்ன இப்படி வீங்கியிருக்கு? உட்காருங்க, ஒரு பார்வை பாத்துடறேன்" என்று மிஸ்ஸைக் கையோடு நாற்காலியில் சாய்த்தார். சற்றுமுன் யாருக்கோ வைத்த கண்ணாடி தட்டில் கிடந்தது. அதை எடுத்தார், பஞ்சை எடுத்தார், துடைத்தார்.

மிஸ் பஞ்சைப் பார்த்தார். மூலையில் சாப்பாட்டுப் பையைச் சுமந்து நின்ற பெட்டியைப் பார்த்தார். திறந்த வாய் கப்பென்று மூடிக்கொண்டது.

"இப்ப வலி தேவலை டாக்டர். அப்புறமா வரேன்." நாற்காலி நிமிர்வதற்குள் இறங்கி வெளியே ஓடிவிட்டார்.

அப்படியானால் அவள் சொன்னதை மிஸ் நம்பித்தான் இருக்கிறார். ஒரு வார்த்தை விடாமல் நம்பிவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். சீழைப் பார்த்தபோதுகூட வெடுக்குக்கு இவ்வளவு குமட்டவில்லை. சே, என்ன பிறவி!

"அடுத்து அந்தக் குழந்தைய வரச் சொல்லு. கண்ணாடி இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

வெடுக்கு வெளியே வந்தாள். மடியில் குழந்தையோடு ஒரு தாய் பாதி எழுந்துவிட்டிருந்தாள். வாசலில் மிஸ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உள்ள ஒருத்தர் வாயில வெச்சத சும்மா தொடச்சிட்டு இன்னொருத்தருக்கு வெக்கிறாங்க. இவங்க எங்க மிஸ். வேணும்னா கேட்டுப் பாருங்க."

அத்தனை தலைகளும் மிஸ் பக்கம் திரும்பின.

"சின்னப் பொண்ணு, வாய்க்கொழுப்பு. டாக்டர் தங்கமானவரு" என்றார் மிஸ், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"அப்ப நீங்க ஏம்மா வீங்கின கன்னத்தோட காட்டாம போறீங்க?" என்றாள் தாய்.

மிஸ் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தாய் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

"உன் சர்டிபிகேட்டத் தலைமுழுகிடு" என்று பல்லைக் கடித்த மிஸ், வலியில் முகம் சுளித்தார். வெடுக்கு கையுறையைக் கழற்றினாள். அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தார். நெடுநேரமாகக் காத்திருந்தவர்.

"அப்ப அடுத்து நான் போலாமா?" என்று மிஸ்ஸைக் கேட்டார். மிஸ் படித்தவர் ஆயிற்றே.

மிஸ் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்.